பிள்ளைங்க காதுல என்ன பாட்டு ஓடுது?

(நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குழு உறுப்பினரும் ஓய்வு பெற்ற ஆசிரியையுமான சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்தாயிற்று. எனக்குக் கொடுத்த விஷயம் வேறு. போன கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே பேசினோமே, அதுதான். "எம் பையன் காதுல அதை மாட்டிட்டான்னா, தொண்டை கிழியக் கத்துனாலும் திரும்பறதில்லைங்க" என்றார் ஒருவர். "எம் புள்ள ஏதோ புரியாத பாஷையில பாட்டுக் கேக்குது, சைனாவோ ஜப்பானோ ஒண்ணும் விளங்கல" என்றார் இன்னொருவர். "அதெல்லாம் பாட்டாங்க? தகர டப்பாவை உருட்டற மாதிரி இருக்குது" என்று மூன்றாவது ஆள். அப்புறம் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்து, கடைசி டவுன் பஸ்ஸையே விடப் பார்த்தோம். இதை ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம் என்று செயலாளர் சொன்னார். அதனால் பேசுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. பலர் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், பார்த்துவிட்டுச் சிரித்தும் இருப்பீர்கள்.

நமக்குக் கரூர் எவ்வளவு தூரம்? காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம். அந்த மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 2024 ஜனவரி முதல் வாரத்தில் மூன்று பெண் பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்டார்கள். மூன்று பேருக்கும் 13 வயசு. எட்டாவது படிக்கிற பிள்ளைகள். எங்கே போனார்கள் தெரியுமா? தென் கொரியாவுக்கு. அங்கே பி.டி.எஸ். என்று ஒரு பாட்டுக் குழு, ஏழு பையன்கள். அவர்களை நேரில் பார்க்க வேண்டும்.

கையில் 14,000 ரூபாய் இருந்ததாகச் செய்தி வந்தது. ஈரோடு போய் ரயில் ஏறிச் சென்னை, அங்கிருந்து விசாகப்பட்டினம் துறைமுகம், அங்கே கப்பல் ஏறிக் கொரியா. இதுதான் அந்தப் பிள்ளைகள் போட்ட திட்டம். எல்லாம் போனில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. சென்னையில் தங்க இடம் தேடி அலைந்து, கடைசியில் 1,200 ரூபாய்க்கு ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். மறுநாள் பயம் வந்துவிட்டது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று ரயில் ஏறினார்கள். காட்பாடியில் சாப்பாடு வாங்க இறங்கியபோது ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்தில் நின்றவர்களை ரயில்வே போலீசார் விசாரித்து, வேலூர் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். நம்ம வேலூர் இல்லைங்க, கோட்டை இருக்கிற வேலூர். அப்போது கையில் எட்டாயிரம் ரூபாய்ச் சொச்சம் மிச்சம் இருந்திருக்கிறது. பெற்றவர்களை வரவழைத்து, பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

அந்த மூன்று பேரும் நல்லவர்கள் கண்ணில் பட்டார்கள். சென்னையில் ராத்திரி ரூம் தேடி அலைந்தபோது வேறு மாதிரி ஆட்கள் கண்ணில் பட்டிருந்தால்? எனக்கு இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது. இத்தனைக்கும் அவர்கள் சியோல் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்தப் பையன்களைப் பார்த்திருக்க முடியாது. கொரியாவில் ஆண்பிள்ளைகள் கட்டாயமாக ராணுவ சேவைக்குப் போக வேண்டும். 2023 டிசம்பரிலேயே ஏழு பேரும் அந்தக் கடமைக்குப் போயாயிற்று.

அந்தச் செய்தி வந்த வாரம் நம் வீடுகளில் என்ன நடந்தது? "பாத்தியா, பாட்டுக் கேட்டா இப்படித்தான் ஆகும்" என்று போனைப் பிடுங்கினோம். சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கிழித்தோம். அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்? யாரும் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளைகளே சொல்லியிருக்கும்.

நான் என் பேத்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் குழு ஆரம்பித்தது 2013இல். உன்னை நீ நேசி என்பதையே தலைப்பாக வைத்து ஆல்பம் போட்டிருக்கிறார்கள். 2017இல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெப்புடன் சேர்ந்து, பிள்ளைகள் மேல் நடக்கும் வன்முறையை எதிர்த்து இயக்கம் நடத்தியிருக்கிறார்கள். 2018 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐ.நா. சபையிலேயே அவர்கள் தலைவன் பேசினான். நீ யாராக இருந்தாலும், என்ன நிறமாக இருந்தாலும், உன்னைப் பற்றி நீயே பேசு என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம்.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். 13 வயசுப் பெண் பிள்ளையிடம் நாம் என்ன பேசுகிறோம்? "வெயில்ல போகாத, கறுத்துப் போற." "இப்படித் திங்காத, குண்டாயிருவ." "அவளைப் பாரு, எத்தனை மார்க் வாங்கியிருக்கறா." காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இதே பல்லவி. ஏழு கடல் தாண்டி எவனோ ஒருத்தன், நீ இருக்கிறபடியே நல்லாத்தான் இருக்கே என்று பாடுகிறான். பிள்ளை அவன் பக்கம் சாயாமல் என்ன செய்யும்? கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று நாம்தான் கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தோம். பள்ளிக்கூடமும் இல்லை, சேர்ந்து விளையாட ஆளும் இல்லை. அந்தத் தனிமையில் பிள்ளைகளுக்குக் கிடைத்த துணை இந்தப் பாட்டு.

இதற்காகப் பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடியது சரி என்று நான் சொல்லவில்லை. ஓடிப்போகும் வரை வீட்டில் யாருக்கும் தெரியவில்லையே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெரியவர்கள் இந்தக் கோபத்தை எப்போதும் பட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கதையிலிருந்தே சொல்கிறேன். ஆத்துக்கு அக்கரையில் கொடுமுடி. அங்கே 1908இல் பிறந்தவர் கே.பி.சுந்தராம்பாள். வறுமையில் சின்ன வயசில் ரயிலில் பாடியவர் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாடகத்தில் சேர்ந்து பாடினார். அந்தக் காலத்தில் நாடகக்காரி என்றால் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளை வாய்விட்டுப் பாடினாலே "கூத்தாடிச்சி ஆகப் போறியா" என்று அதட்டுவார்கள். அதே சுந்தராம்பாள் 1935இல் வந்த நந்தனார் படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். 1953இல் ஔவையார் வந்தபோது, கூத்தாடிச்சி என்று அதட்டிய வீடுகளிலிருந்தே வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். இன்றைக்கு அவர் பாட்டு ஓடாத முருகன் கோயில் உண்டா? கபிலர்மலைத் தேருக்குப் போனால் முதல் பாட்டே அவர் குரல்தான்.

நாடகக் கொட்டகையில் வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டி இருக்கிறதே, அதைக்கூட விடவில்லை. நம் இசைக்கு ஒத்து வராத வெளிநாட்டுப் பெட்டி என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. முப்பது வருஷத்துக்கு அந்தத் தடை இருந்தது. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு நாம் பஜனை பாடுகிறோம்.

இன்னொன்று கேளுங்கள், இது பெரிய வேடிக்கை. 1952 முதல் பத்து வருஷம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு கேட்டால் ஜனங்களின் ரசனை கெட்டுப்போகும் என்று அவருக்கு உறுதியான எண்ணம். வானொலியில் சினிமாப் பாட்டுக்கு நேரத்தைச் சுருக்கினார். படக் கம்பெனிக்காரர்களோடு தகராறு ஆகி, கொஞ்ச நாளில் சினிமாப் பாட்டு வானொலியில் ஏறக்குறைய காணாமலே போனது. நாடு முழுக்க அரசாங்கமே ஒரு கண்டிப்பான அப்பாவாக உட்கார்ந்து, எல்லோரும் சாஸ்திரிய சங்கீதம் மட்டும் கேளுங்கள் என்றது. ஜனங்கள் கேட்டார்களா? ரேடியோவின் காதைத் திருகி இலங்கைக்குப் போய்விட்டார்கள். கொழும்பு வானொலியில் இந்திப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் கொட்டிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் 1957 அக்டோபர் 3ஆம் தேதி நம் அரசாங்கமே விவித பாரதியை ஆரம்பித்துச் சினிமாப் பாட்டுப் போட்டது. தடை போட்டதால் ஒரு பாட்டும் சாகவில்லை. கேட்கிறவர்கள் வேறு வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். நீங்கள் போனைப் பிடுங்கினால் பிள்ளை என்ன செய்யும்? பக்கத்து வீட்டுச் சிநேகிதி போனில் கேட்கும். அங்கே என்ன கேட்கிறது, யாரோடு கேட்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

என் வயசுக்காரர்களுக்கு இலங்கை வானொலி என்றாலே முகம் மலரும். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று பேர் சொன்னால் போதும். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும்போதுகூட வரப்பில் டிரான்சிஸ்டர் இருக்கும். எங்கள் அப்பாரு அதைப் பார்த்தால், "வேலை செய்யற எடத்துல என்ன கூத்து" என்று அணைத்துவிடுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி போடுவோம். அந்த அப்பாரு விடிய விடிய உடுக்கையடிப் பாட்டு கேட்ட மனுசர். அண்ணன்மார் கதை நடந்தால் ராத்திரி முழுக்க வீட்டுக்கு வர மாட்டார். அதற்கு ஆத்தா திட்டும்.

1976இல் அன்னக்கிளி வந்தது, இளையராஜா வந்தார். நாட்டுப்புறப் பாட்டைச் சினிமாவில் போட்டுச் சங்கீதத்தையே கெடுக்கிறார் என்றவர்கள் இருந்தார்கள். 1992இல் ரோஜா வந்தது, ரகுமான் வந்தார். "வெறும் மிஷின் சத்தம், வார்த்தையே கேக்கல" என்றோம். சொன்னது நாம்தானுங்க, இளையராஜா பாட்டில் வளர்ந்தவர்கள். 2011இல் கொலவெறிப் பாட்டு வந்தபோது ரகுமான் பாட்டில் வளர்ந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வரிசையைப் பார்த்தீர்களா?

இதற்குக் காரணம் இருக்கிறது. பத்து வயசிலிருந்து முப்பது வயசுக்குள் கேட்டதும் பார்த்ததும்தான் மனசில் ஆழமாகத் தங்குகிறது என்று மனநல ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். முதல் சம்பளம், முதல் பிரசவம், கூடப் படித்த சிநேகிதி எல்லாம் அந்த வயசுக்குள் வருகிறது. அப்போது ஓடிய பாட்டு அதோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் நம் பாட்டு நமக்கு இனிக்கிறது. நம் பாட்டு உசத்தி என்பதால் இல்லை. நம் பிள்ளைக்கும் இருபது வருஷம் கழித்து இந்தத் தகர டப்பாப் பாட்டைக் கேட்டால் கண் கலங்கும்.

அப்படியென்றால் எதையும் கேட்கட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாதுங்க. நாம் கோபப்பட வேண்டிய இடம் இருக்கிறது. ஆனால் கோபத்தைத் தப்பான இடத்தில் செலவு பண்ணுகிறோம். சத்தம், பாஷை, தலைமுடி, கிழிந்த பேன்ட் இதற்கெல்லாம் சண்டை போட்டுவிட்டு, வார்த்தையை விட்டுவிடுகிறோம்.

2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் மிதந்த அதே மாதம், ஒரு பாட்டு இணையத்தில் வெளியானது. ஒரு பிரபல நடிகர் பாடியது. பெண்ணைக் குறிக்கிற கெட்ட வார்த்தை வரும் இடத்தில் மட்டும் பீப் சத்தம். அதனால் பீப் பாட்டு என்றே பேர் வந்தது. கோவையில் மாதர் சங்கத்தினர் போலீசில் புகார் கொடுத்தார்கள், வழக்குப் பதிவானது, பல ஊரில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். இந்தக் கோபம் நியாயமான கோபம். தாளத்தின் மேல் அல்ல, அந்த வார்த்தையின் மேல் வந்த கோபம்.

ஒரு பெண் வேண்டாம் என்றால் அவளைத் திட்டிப் பாட்டு. பின்னாலேயே போய்த் தொல்லை கொடுத்தால் கடைசியில் சம்மதிப்பாள் என்று பாட்டு. 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, சினிமா இதைத்தானே சொல்லிக் கொடுக்கிறது என்று தமிழ்நாடே பேசியது. இந்த மாதிரிப் பாட்டு நம் வீட்டுப் பையன் போனில் ஓடினால் சும்மா இருக்கக் கூடாது. ஆனால் "எங்க காலத்துப் பாட்டெல்லாம் சுத்தம்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், பையன் சிரிப்பான். 1944இல் வந்து மூன்று தீபாவளி ஓடிய ஹரிதாஸ் படத்தில் பாகவதர் சிருங்காரமாகப் பாடியது இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்துப் படங்களிலும் சைக்கிளில் போகிற கல்லூரிப் பெண்களைக் கிண்டல் செய்கிற பாட்டு வராமலா இருந்தது? நாம் அதைக் கேட்டுக் கை தட்டினோம். அதையும் சேர்த்தே பேசினால் பையன் காது கொடுப்பான்.

அமெரிக்காவில் இப்படித்தான் ஒரு அம்மா, டிப்பர் கோர் என்று பேர், பின்னாளில் துணை ஜனாதிபதியான அல் கோரின் மனைவி. 11 வயசு மகளுக்காக ஒரு பிரபலப் பாடகரின் இசைத்தட்டை வாங்கிப் போட்டுக் கேட்டவர் அதிர்ந்து போனார். 1985இல் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு அமைப்பு ஆரம்பித்தார். செனட் சபையிலேயே விசாரணை நடந்தது. இசைத்தட்டு உறையில் பெற்றோருக்கு எச்சரிக்கை என்று வாசகம் ஒட்டும் வழக்கம் அப்படித்தான் வந்தது. அந்த அம்மாவிடம் எனக்குப் பிடித்தது, மகளோடு உட்கார்ந்து கேட்டார் என்பது. ஒட்டுகிற வேலை நமக்கு உதவாது. இப்போது பாட்டுக்கு உறை ஏது?

இன்னொரு வகைப் பாட்டு இருக்கிறது. இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும், குழுவில் எல்லா வீட்டுப் பெண்களும் இருக்கிறோம். சாதிப் பெருமை பேசுகிற பாட்டு. நாங்க ஆண்ட பரம்பரை, அரிவாள் எடுப்போம், எங்க வீட்டுப் பொண்ணைத் தொட்டா என்று மீசை முறுக்குகிற பாட்டு. எல்லாச் சாதியிலும் யாரோ ஒருவர் போட்டு வைத்திருக்கிறார். பையன்கள் திருவிழாவில் போடுகிறார்கள், வேனில் போடுகிறார்கள், போனில் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். கெட்ட வார்த்தை இல்லை, தமிழ்ப் பாட்டு, தாளமும் நன்றாக இருக்கிறது என்பதால் நமக்கு இது குற்றமாகவே படுவதில்லை. கொரியாப் பாட்டுக்குப் போனைப் பிடுங்குகிற வீட்டில் இந்தப் பாட்டுக்கு அப்பாவும் சேர்ந்து தலையாட்டுகிறார்.

2015 ஜூனில் நம் நாமக்கல் மாவட்டத்தில் என்ன நடந்தது? பொறியியல் படித்த பையன் கோகுல்ராஜ். திருச்செங்கோடு கோயிலில் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான் என்பதற்காகக் கொண்டுபோய்க் கொன்று, பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் போட்டார்கள். 2022இல் தீர்ப்பு வந்து ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த அம்மா ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டுகிற கயிறு, மோதிரம் எதுவும் பள்ளியில் கூடாது என்று 2024இல் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற கயிறு கண்ணுக்குத் தெரியும். காதில் கட்டுகிற கயிறுதான் இந்தப் பாட்டு. புரியாத பாஷைப் பாட்டால் நம் பக்கத்தில் ஒரு உயிரும் போனதில்லை. நன்றாகப் புரிகிற பாட்டைத்தான் நான் பயந்து கேட்கிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பையன் பாட்டுப் போட்டால் "சத்தத்தைக் குறைடா" என்கிறோம். பெண் பாட்டுக் கேட்டால் "யாரு போட்டு அனுப்பிச்சான்?" என்கிறோம். தனியாக உட்கார்ந்து முணுமுணுத்தாலே சந்தேகம். போன் போகிறது, பிறகு டியூசன் போகிறது, பிறகு பள்ளிக்கூடமே போகிறது. "வயசுப் புள்ள, காலாகாலத்துல ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடலாம்" என்று மாமன் வீட்டில் பேச்சு ஆரம்பமாகிறது. பாட்டில் ஆரம்பித்தது பதினாறு வயசில் தாலியில் முடிந்த வீடுகளை ஆசிரியையாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். 18 வயசுக்கு முன் கல்யாணம் 2006ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். பெற்றவர்கள், நடத்தி வைத்தவர்கள் எல்லோரும் தண்டனைக்கு ஆளாவார்கள். உங்கள் தெருவில் அப்படிப் பேச்சு நடந்தால் 1098க்குப் போன் பண்ணுங்கள். உறவு கெடும் என்று பார்க்காதீர்கள்.

வள்ளி கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நம் பக்கம் ஒரே மாதிரிச் சேலை கட்டி நூறு பெண்கள் கும்மி அடித்தால் பெற்றவர்கள் முதல் வரிசையில் நின்று வீடியோ எடுக்கிறோம். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் ஆண்கள் ஆடியது. பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார் என்பதற்காகவும்தான் கோவைப் பக்கத்துப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தபோது "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஆட்டம்" என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

புதுப் பாட்டெல்லாம் வேர் இல்லாதது என்றும் நினைக்காதீர்கள். 2021இல் எஞ்சாயி எஞ்சாமி என்று ஒரு பாட்டு வந்தது. தெருக்குரல் அறிவு, தீ என்ற பெண் பாடியது, சந்தோஷ் நாராயணன் கூட இருந்து செய்தது. எங்கள் குழுவில் ஒரு அக்கா, பேரன் அதைப் போட்டபோது, "நிறுத்துடா, எழவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்குது" என்றாராம். அவன், "ஆமா அம்மாயி, ஒப்பாரிதான், தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்ச அவரு பாட்டி கதை" என்றானாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முழுசும் கேட்டிருக்கிறார். பிறகு இவர் தன் பங்குக்கு நாலு ஒப்பாரி சொல்ல, பையன் போனில் பதிவு பண்ணி வைத்திருக்கிறான். அந்த அக்கா பாடுவார் என்றே எனக்கு இருபது வருஷமாகத் தெரியாதுங்க.

காது விஷயம் ஒன்று. இது நிஜமாகவே கண்டிக்க வேண்டியது. காதுக்குள் மயிர் போல மெல்லிய செல்கள் இருக்கின்றன, அதிக சத்தத்தில் செத்தால் திரும்ப முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு, பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம், சின்னப் பிள்ளைகளுக்கு 75 டெசிபல். சத்தம் கூடக் கூட நேரம் வேகமாகக் குறையும். போனில் சத்த அளவை 60 சதவீதத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ராத்திரி காதில் மாட்டிக்கொண்டே தூங்க விடாதீர்கள். ரோட்டில் வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது, சேலம் கரூர் ரோட்டில் லாரி வருகிற வேகம் உங்களுக்கே தெரியும்.

ஆனால் இதைச் சொல்லும்போது நம் வீட்டு விசேஷத்தையும் பாருங்கள். சீருக்கும் காது குத்துக்கும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் கட்டி, விடியற்காலை நாலு மணிக்கே ஆரம்பிக்கிறோம். 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலிலேயே 55 டெசிபல்தான். பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் தெருவே அதிர்கிறது. பையன் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதாவது அவனோடு போகிறது.

கடைசியாக ஒரு குழுவிலிருந்து வந்த கேள்விக்கு என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்பதாவது படிக்கிற பெண். கோயிலிலும் பள்ளியிலும் பாடுகிறாள், போனில் பார்த்துக் கீபோர்டு வாசிக்கப் பழகியிருக்கிறாள். சொந்தமாக ஒன்று வாங்க 8,000 ரூபாய் உள்கடன் வேண்டும் என்று அம்மா கேட்டிருக்கிறார். குழுவில் பாதிப் பேர் கொடுக்கலாம் என்கிறார்கள். பாதிப் பேர், "இது அவசியச் செலவா? ஆடு வாங்கக் கேட்டாக் குடுக்கலாம்" என்கிறார்கள்.

ஆடு வாங்கக் கொடுப்பது சரிதான். ஆனால் நம் நோட்டை எடுத்துப் பாருங்கள். காது குத்துக்கு 20,000 கொடுத்திருக்கிறோம், அதில் ரேடியோ செட்டு வாடகையும் அடங்கும். அன்று ஒரு நாள் சத்தத்துக்குக் கொடுத்தது அவசியம், ஒரு பிள்ளை வருஷக்கணக்கில் பழகப் போகிற பாட்டுக்குக் கொடுப்பது வீண் என்றால் எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மா மூன்று வருஷமாகத் தவணை தவறியதில்லை. மாதம் 500 வீதம் 16 தவணை, வட்டி நம் வழக்கப்படி நூற்றுக்கு ஒரு ரூபாய், கட்ட முடியும். முறையாகப் பழக வேண்டுமென்றால் கலை பண்பாட்டுத் துறையின் அரசு இசைப் பள்ளி கரூரிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் இருக்கிறது. பாட்டு, வயலின், மிருதங்கம், தவில், நாதஸ்வரம், தேவாரம், பரதம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அங்கே கீபோர்டு கிடையாது, அந்தப் பிள்ளை பாட்டில் சேரலாம். பத்தாவது முடித்த பிறகு என்ன என்பதை அவளிடமே கேட்டு முடிவு பண்ணுங்கள், நாம் முடிவு பண்ண வேண்டாம்.

என்னைக் கேட்டால் கொடுக்கலாம். தீர்மான நோட்டில் எழுதும்போது "இதர செலவு" என்று எழுதாமல் "கல்வி" என்கிற தலைப்பில் எழுதுங்கள். வங்கி மேலாளர் கேட்டால் நான் வந்து பதில் சொல்கிறேன். டீ வந்துவிட்டது, மிச்சக் கேள்விகளைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.